எட்டுக் கம்பிகளும் பதினாறு முனைகளும்

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய பாய்ப்படகு வாங்கியிருக்கிறோம் என்ற கதை பேர்கன் தமிழருக்குள் பரவியபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவுக்கு என்றுதான் கேட்டார்கள். விலையைச் சொன்னதும், அந்தக் காசுக்கு ஒரு நல்ல பழைய கார் எடுத்திருக்கலாமே என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடல் எங்களில் பலருக்கு ஒருமுறை கடந்து முடித்த விடயம். இரவில், லைற் இல்லாமல், வெளிச்சம் தெரிந்தால் படுத்துக்கொண்டு கடந்தது. அதைக் காசு கொடுத்து, பகலில், பொழுதுபோக்குக்காகத் திரும்பச் செய்வதென்றால் மண்டையில் ஏதோ பிழை என்றுதான் நினைப்பார்கள்.

நாங்கள் நாலு பேரும் 1987 இல் பின்மார்க்கில் ஒரே மீன் தொழிற்சாலையில், ஒரே மேசையில் நின்று கொட் மீன் வெட்டியவர்கள். பிறகு ஒவ்வொருவராகத் தெற்கே இறங்கி பேர்கனுக்கு வந்து சேர்ந்தோம். எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணை. ஒருவர் பஸ் கராஜில் மெக்கானிக். ஒருவர் கணக்காளர். மற்றவன் மயிலிட்டியான். அவனுக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் முப்பத்தைந்து வருடமாக அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட்டவர் எங்களில் ஒருவருமில்லை.

படகு அண்ணையின் மகளுக்காக வந்தது. அவள் இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பாயோட்டப் பழகியவள். 2021 இல், 1976 ஆம் ஆண்டு கட்டிய, இருபத்தைந்து அடிக்குச் சற்றுக் குறைவான ஒரு கண்ணாடியிழைப் படகு மலிவாக வருகிறது என்று சொன்னாள். தனியே வாங்க அவளிடம் காசில்லை. நாங்கள் பங்கு போட்டோம். அடுத்த கோடையில் இரண்டு சிநேகிதிகளோடு ஷெற்லண்ட் தீவுகளுக்குப் போகப் போவதாக அவள் சொன்னது, காசைக் கொடுத்த பிறகுதான். பேர்கனிலிருந்து லேர்விக் ஏறக்குறைய 190 கடல் மைல். நடுவில் ஒதுங்க ஒரு கல்லும் இல்லை.

அன்றைக்குத்தான் மயிலிட்டியான் முதன்முதலாகப் படகைப் பார்க்க வந்தான். ஏறவில்லை. மேடையில் நின்றபடி பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற கம்பியளுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டான்.

எங்களுக்குத் தெரியாது. விற்றவர், சில வருடங்களுக்கு முன் மாற்றியது என்று சொல்லியிருந்தார். துண்டு ஒன்றும் தரவில்லை. பார்க்கப் புதுச் சட்டி மாதிரி மினுங்கிக்கொண்டுதான் இருந்தன.

*

பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வேறு, மரத்தை நிறுத்தி வைத்திருக்கும் கம்பிகள் வேறு. பின்னதை நோர்வேக்காரர் 'நிற்கும் ரிக்' என்கிறார்கள். எங்கள் படகில் அவை எட்டு. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, மரத்தின் உச்சியிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவிலிருந்து பக்கத்துக்கு இரண்டாக நாலு. பக்கத்துக் கம்பிகளுக்கு இங்கே வாண்ட் என்று பெயர். எட்டுக் கம்பிக்கும் பதினாறு முனை. இந்தப் பதினாறில் ஒன்று கழன்றால் மரம் விழும். காற்றடிக்கும்போது, ஆட்கள் கீழே இருக்கும்போதுதான் விழும். கரையில் கட்டிக் கிடக்கும்போது அநேகமாக விழாது.

மார்ச் மாதம், படகு மேடைகளைத் திருத்தும் டுக்னாட் வேலை நடந்த சனிக்கிழமை, கிரேனால் மரத்தைத் தூக்கி இறக்கி இரண்டு மரக்குதிரைகளில் கிடத்தினோம். வாண்ட்களின் அடிமுனைகளில் அழகுக்காக வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் போட்டு, மேலே ரேப் சுற்றியிருந்தது. மயிலிட்டியான் ஒரு கத்தியை எடுத்து எல்லாவற்றையும் வெட்டி எறிந்தான். உள்ளே பழைய தண்ணீரும் உப்பும், தேத்தண்ணிச் சாயம் போன்ற கறையும். மெக்கானிக் கராஜில் வெடிப்புப் பார்க்கும் சிவப்பு மையைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் போன சிவப்பு திரும்பி வெளியே கசியும். இடப்பக்க மேல்வாண்டின் அடிமுனையில் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. தலைமயிரளவு. அதே முனையில் கம்பி வெளியே வரும் இடத்தில் ஒரு இழை அறுந்து, ஆனால் எழும்பாமல், மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"கயிறெண்டால் அறப்போகேக்கை சொல்லிப்போட்டுத்தான் அறும். உந்தக் கம்பி சொல்லாது" என்றான் மயிலிட்டியான்.

ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பற்றி மெக்கானிக் எங்களுக்குச் சொன்னதை இங்கே எழுதவேண்டும். அது துருப்பிடிக்காத உலோகம் என்பது பாதி உண்மைதான். அதிலிருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்துக்கொள்கிறது. கீறுப்பட்டாலும் காற்றிருந்தால் தோல் திரும்ப வளரும். காற்றுப் புகாத இடத்தில், உப்புத்தண்ணீர் தங்கி நிற்கும் சின்ன இடுக்கில், அந்தத் தோல் வளராது. அங்கே அரிக்கத் தொடங்கும். அதனால் வெளியே பளபளத்துக்கொண்டு உள்ளே சாகும். மூடிக் கட்டிப் பாதுகாத்த இடத்தில்தான் அது முதலில் போகிறது. இதை அவர் சொல்லி முடித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எங்களில் ஒவ்வொருவருக்கும் மூடிக் கட்டி வைத்த ஏதோ ஒன்று இருந்தது.

*

எட்டையும் மாற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஒன்று அப்படியென்றால் மற்றவையும் அதே வயதுதான். பொதுவாக 10 முதல் 15 வருடத்தில் மாற்றவேண்டும் என்பார்கள். எதைப் போடுவது என்பதில்தான் ஒரு மாதம் சண்டை பிடித்தோம். கணக்காளரின் வீட்டுக் குசினி மேசையில், மீன் வெட்டிய காலத்தில் அரசியல் கதைத்துச் சண்டை பிடித்த அதே மாதிரி.

அண்ணை கல்வனைஸ் கம்பிக்குக் கட்சி கட்டினார். மலிவு என்பது ஒரு காரணம். அடுத்தது, அவர் வல்வெட்டித்துறைக்காரர். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்வரை போய்ச் சேர்ந்த கதையைத் தொடங்கினாரென்றால் நிறுத்த ஏலாது. "அந்தக் காலத்தில் ஆர் ஸ்ரெயின்லெஸ் போட்டது?" என்பது அவருடைய வாதம். அதில் உள்ள நியாயத்தையும் சொல்லவேண்டும். துத்தநாகப் பூச்சு தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். பூச்சு முடிந்தால் செங்கறை தெரியும். அது பொய் சொல்லாத கம்பி. ஆனால் வருடா வருடம் எண்ணெய் தேய்க்கவேண்டும். அதோடு எங்கள் மரத்திலும் தளத்திலும் உள்ள பொருத்துகள் எல்லாம் ஸ்ரெயின்லெஸ். உப்புத்தண்ணீரில் துத்தநாகமும் ஸ்ரெயின்லெஸும் தொட்டுக்கொண்டு நின்றால், துத்தநாகம் வேகமாகக் கரைந்துபோகும். முழுவதையும் மாற்றினால் ஒழிய அது சரிவராது. மலிவு என்ற காரணம் அதோடு போய்விட்டது.

மயிலிட்டியான் பழைய ஆள், அவன் அண்ணையோடு நிற்பான் என்றுதான் நினைத்தோம். அவன் கேட்டது டைனீமா. எல்லாவற்றிலும் புதிது. ஒல்லாந்தில் 1990 முதல் தொழில்முறையில் செய்யப்படும் இழை. பொருள் என்னவோ பொலிஎதிலீன்தான், எங்கள் சொப்பிங் பையின் சொந்தக்காரன். மூலக்கூறுகளை மிக நீளமாக்கி, ஒரே பக்கம் பார்க்க இழுத்து வைத்திருக்கிறார்கள். அதே எடையுள்ள உருக்கைவிடப் பல மடங்கு பலம். தண்ணீரில் மிதக்கும். துருப்பிடிக்காது. இந்தக் காரணம் ஒன்றும் அவனுடையதல்ல. அவனுடைய காரணம், அது கயிறு என்பது. "ஒரு மிசினும் வேண்டாம். நானே கையால பின்னுவன். பிழையெண்டால் என்ரை கண்ணுக்குத் தெரியும்."

இதற்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அண்ணையின் மகள்தான் பொறுமையாகச் சொன்னாள். நிரந்தரமாக இழுவையில் இருந்தால் டைனீமா மெல்ல மெல்ல நீளும், நீண்டது திரும்பாது. ஆகவே அறாமல் இருப்பதற்குத் தேவையான மொத்தத்தைவிட, நீளாமல் இருப்பதற்குத் தேவையான மொத்தத்தைத்தான் போடவேண்டும். உராய்ந்தால் தேயும். மற்றது, நோர்வேயின் குளிர். குளிரில் அலுமினிய மரம் சுருங்கும். டைனீமா எதிர்மாறாக, குளிரில் சற்று நீளும். கோடையில் இறுக்கிவிட்ட கம்பி குளிர்காலத்தில் தொளதொளத்துப்போகும். எங்கள் படகு மரத்தோடு தண்ணீரிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. வாரத்துக்கு ஒருக்கால் போய் இறுக்க யார் இருக்கிறோம்?

"அது பிழையான சாமானில்லை மாமா. எங்கடை படகுக்கு, எங்களைப் போலச் சோம்பேறியளுக்குச் சரிவராது" என்றாள்.

அவன் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டான். அன்றிரவு அண்ணைதான் மகளுக்குச் சொன்னார், அவள் அதுவரை அறியாத ஒன்றை. மயிலிட்டியானின் தமையன் 1986 இல் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகும் வரவில்லை. நேவியா, காற்றா, கயிறா என்று யாருக்கும் தெரியாது. தகப்பன் சாகும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாராம்: கடைசியாகப் போட்ட கயிற்றை யார் பார்த்தது? பார்த்தது மயிலிட்டியான். பத்தொன்பது வயது. பார்த்தேன் என்று சொன்னான். உண்மையில் பார்த்தானா என்பது அவனுக்கே இப்போது நிச்சயமில்லை. 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தது. 2017 இல் துறைமுகம் விடப்பட்ட பிறகு ஒருமுறை போய் வந்தான். கயிறு போட்டு வைக்கும் கொட்டில் நின்ற இடத்தை மட்டுக்கட்டக்கூட முடியவில்லை என்று வந்து சொன்னான். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

*

அதன் பிறகு நாங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டோம். எது பலம் என்று கேட்பதை விட்டுவிட்டு, எதைத் திறந்து பார்க்கலாம் என்று கேட்டோம். அப்படிக் கேட்டதும் பதில்கள் ஓரளவு தாமாகவே வந்தன.

கம்பி 316 என்ற ரக ஸ்ரெயின்லெஸ். சாதாரண 304 ஐவிட இதில் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். இழை அமைப்பு ஒன்றுதர பத்தொன்பது: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. வளையாத கம்பி, ஆனால் நீட்சி குறைவு. நிற்கும் ரிக்குக்கு அதுதான் வேண்டும். பல மெல்லிய இழைகளைத் திரித்த, கப்பியில் ஓடக்கூடிய கம்பி இதற்கு ஆகாது.

மொத்தம், முன்பிருந்த அதே 5 மில்லிமீற்றர். 6 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கணக்காளர் கேட்டார். 5 மில்லிமீற்றர்க் கம்பி ஒன்று அறுவதற்கு ஏறக்குறைய 2 தொன் வேண்டும். அது எங்கள் படகின் எடையளவு. 6 போட்டால் முனை, ஆணி, ஆணித்துளை எல்லாம் பெரிதாகும். தளத்திலுள்ள தகட்டின் துளையையும் பெரிதாக்கினால் தகடு பலவீனமாகும். கூடுகிற எடை முழுவதும் உயரத்தில். படகு கூடுதலாகச் சாயும். பயத்துக்காக மொத்தத்தைக் கூட்டுவது வேறொரு இடத்தில் பலத்தைக் குறைப்பதாக முடியும்.

முனைகளில்தான் காசைச் செலவழித்தோம். மேல்முனை எட்டும் கடையில் மெசினால் அழுத்திப் பொருத்தியவை. அவை தலைகீழாக நிற்பதால் தண்ணீர் வடிந்துவிடும். அடிமுனையோ கிண்ணம் மாதிரி. கம்பி வழியே இறங்கும் தண்ணீர் அதற்குள்தான் போகும். முன்பு வெடித்ததும் அடிமுனைதான். ஆகவே அடியில் எட்டுக்கும் ஸ்ரா-லொக் போன்ற திருகு முனை. இதைக் கையால் பூட்டலாம், பிறகு கழற்றியும் பார்க்கலாம். வெளிப் பன்னிரண்டு இழையையும் பிரித்து, உள்ளேயிருக்கும் ஏழின்மேல் ஒரு சின்னக் கூம்பைச் செருகி, பன்னிரண்டையும் திரும்பக் கூம்பின்மேல் ஒழுங்காக அடுக்கி, தண்ணீர் புகாமல் பசையை நிரப்பித் திருகிப் பூட்டுவது. கம்பி இழுபட இழுபடக் கூம்பு இறுகும்.

முதல் முனை பூட்ட எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றது. கணக்காளர் இழைகளை அடுக்க, பன்னிரண்டில் ஒன்று எப்போதும் பக்கத்துக்குத் துள்ளியது. மூன்றாம் நாள் மயிலிட்டியான் வந்து ஒன்றும் பேசாமல் அவருடைய கையிலிருந்து கம்பியை வாங்கினான். மற்ற ஏழையும் அவன்தான் பூட்டினான். ஒவ்வொன்றையும் பூட்டி, கழற்றி, எங்களுக்குக் காட்டி, திரும்பப் பூட்டினான்.

இறுக்கும் திருகுகள் நடுவுடல் வெண்கலமானவை. ஸ்ரெயின்லெஸ் புரிக்குள் ஸ்ரெயின்லெஸ் புரியைச் சுமையோடு திருகினால் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துவிடும், பிறகு அரிந்துதான் எடுக்கவேண்டும். வெண்கலத்தில் அந்தக் கரைச்சல் குறைவு. உடல் திறந்த வகை, உள்ளே எத்தனை புரி பிடித்திருக்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் எந்தப் பக்கமும் மடங்கக்கூடிய ஒரு இணைப்பு. முன்கம்பிக்கு மேலேயும் ஒன்று, ஏனென்றால் பாயின் இழுவையில் அது பக்கத்துக்கு வளையும். மடங்க வழியில்லாத முனை வளைந்து வளைந்து களைத்து அறும். கொட்டர் பின் எல்லாம் புதிது. வருடா வருடம் மாற்றுவது என்று முடிவு. அதன் கூரில் மட்டும் ஒரு சுற்று ரேப். வெள்ளைக் குழாய்கள் குப்பைக்குள் போயின.

எஞ்சியது டைனீமா. தளத்தைச் சுற்றி, ஆட்கள் கடலுக்குள் விழாமல் கட்டும் காவல் கம்பியும் பழையதுதான், பிளாஸ்ரிக் உறை போட்டது. அதற்கு டைனீமாவைப் போடலாம் என்றாள் மகள். நிரந்தர இழுவை இல்லை, குளிரில் தொய்ந்தாலும் ஒரு நிமிடத்தில் இறுக்கலாம். முடிச்சுப் போட்டால் அதன் பலத்தில் பாதிக்குமேல் போய்விடும்; வழுக்கவும் செய்யும். கயிற்றின் வாலைக் கயிற்றுக்குள்ளேயே நீளமாகப் புதைத்துப் பின்னவேண்டும். விட்டத்தைப்போல 72 மடங்கு நீளம் என்பார்கள். மயிலிட்டியான் பின்னினான். வாலை ஒரேயடியாக வெட்டாமல் இழை இழையாகக் குறைத்து ஊசிபோலக் கூராக்கினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பக்கத்திலிருந்து பழகினாள். அவனுடைய தகப்பன் தும்புக் கயிற்றில் பின்னியதை, அவன் நைலோனில் பழகியதை, அவள் இதில் பழகினாள்.

*

ஏப்ரல் கடைசியில் மரத்தை நிறுத்தினோம். எவ்வளவு இறுக்குவது என்பதற்குத் தச்சனின் 2 மீற்றர் மடிப்பு அளவுகோல் போதும் என்று அறிந்தபோது எங்களுக்கு ஆச்சரியம். கோலின் ஒரு நுனியைக் கம்பியில் ரேப்பால் கட்டிவிட்டு, கீழ் நுனிக்கும் கம்பி முனைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துக்கொண்டே திருகவேண்டும். இந்த வகைக் கம்பி 2 மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் நீண்டால், அது அறும் சுமையில் 5 வீதம் ஏறியிருக்கிறது. மொத்தம் எதுவானாலும் கணக்கு இதுதான். மேல்வாண்டுக்கு 15 வீதம், அதாவது 3 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் மாறி மாறி, சமமாக. பிறகு காற்றில் ஓட்டிப் பார்த்து, சாயும்போது காற்றுப்படாத பக்க வாண்ட் தொங்குகிறதா என்று பார்த்துச் சரிசெய்தோம்.

அந்த முதல் ஓட்டத்துக்கு மயிலிட்டியான் ஏறினான். பின்கம்பியில் ஒரு கையை வைத்தபடி, போன நேரம் முழுவதும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடலைப் பார்த்ததாக எங்களுக்கு நினைவில்லை.

ஜூன் மாதம் அவர்கள் போனார்கள். போகுமுன் அவளிடம் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு பொதி பஞ்சும் கொடுத்தான். பஞ்சால் கம்பியை மேலிருந்து கீழே தடவினால், அறுந்த இழை ஒன்று இருந்தாலும் பஞ்சைப் பிடிக்கும், விரலைக் கிழிக்காது. இரண்டு நாட்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் ரெலிபோன் எடுத்து, காலநிலையைப் பற்றி மட்டும் கதைத்தோம். மூன்றாம் நாள் விடிய, எல்லோரும் அண்ணையின் வீட்டில் இருந்தபோது லேர்விக்கிலிருந்து அழைப்பு வந்தது. தகப்பனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு மயிலிட்டியானிடம் கொடுக்கச் சொன்னாள்.

"மாமா, வந்து கட்டின உடனை பதினாறும் பாத்திட்டன்."

அவன் உடனே பதில் சொல்லவில்லை. ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"மேலை எட்டும்?"

"ஓம் மாமா. ஏறித்தான் பாத்தனான்."

"சரி" என்றான். பிறகு ரெலிபோனை அண்ணையிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் போனான். திரும்பி வர நெடுநேரமானது.